பிரேக் தொய்கிறதா? முதலில் காலைக் கேளுங்கள்

"வயிறு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு வருபவருக்கு எந்த டாக்டரும் உடனே மருந்து எழுதுவதில்லை. வலியா, எரிச்சலா, உப்புசமா என்று கேட்பார். "பிரேக் தொய்வாக இருக்கிறது" என்பதும் அதே ரகத்துப் புகார்தான். அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு வேலை செய்யாது. ஆனால் பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் புதிதாக வாங்கியவர்களில் பலர் கேள்வி கேட்பதற்கு முன்பே ஸ்பேனரை எடுத்துவிடுகிறார்கள். பிரேக் லைனில், அதாவது பிரேக் திரவம் ஓடும் குழாயில், சிக்கிய காற்றை வெளியே எடுக்கத் தொடங்குகிறார்கள். சரியாகவில்லை என்றால் மறுபடியும் எடுக்கிறார்கள்.

இங்கிலாந்தில் இருக்கும் என் நண்பர் அப்படித்தான் செய்தார். அவரிடம் இருப்பது 1971ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர், திறந்த மேற்கூரை கொண்ட பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். மூன்று வார இறுதிகள் காற்று எடுத்தார். பிறகு, பெடலை அழுத்தும்போது திரவத்தைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையே மாற்றினார். பெடல் அப்போதும் பாதி தூரம் சும்மா இறங்கி, அதன் பிறகுதான் பிடித்தது. கடைசியில் பழுது இருந்த இடத்துக்கு ஒரு பைசா செலவில்லை. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

எம்ஜிபியை உதாரணமாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் அதிகமாகத் தயாரான கார் அது. முன்சக்கரங்களில் டிஸ்க் (சுழலும் தட்டை இரு பேடுகள் கவ்வும்), பின்சக்கரங்களில் டிரம் (சுழலும் உருளைக்குள் இரு ஷூக்கள் விரிந்து உரசும்). பல கார்களில் கால் அழுத்தத்தைப் பெருக்கித்தரும் பூஸ்டர்கூடக் கிடையாது. மின்னணு சமாச்சாரம் எதுவும் இல்லை. காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு நெம்புகோல், கொஞ்சம் திரவம், சில ரப்பர் வளையங்கள், அவ்வளவுதான். இதைப் புரிந்துகொண்டால் அந்தக் காலத்து டிரையம்ப், ஆஸ்டின்-ஹீலி போன்றவையும் பெரும்பாலும் புரிந்துவிடும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பெடலை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் நகர்ந்து திரவத்தைத் தள்ளுகிறது. அந்த சிலிண்டரின் உள்விட்டம் முக்கால் அங்குலம், அதாவது சுமார் 19 மில்லிமீட்டர். பெடலின் நெம்புகோல் அமைப்பால், கால் 5 சென்டிமீட்டர் இறங்கினால் பிஸ்டன் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர்தான் நகரும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது இடம்பெயரும் திரவம் எவ்வளவு? 3 மில்லிகூட இல்லை. ஒரு டீஸ்பூனில் பாதியை விடச் சற்று அதிகம். ஒரு டன்னுக்கு நெருக்கமான எடையுள்ள காரை நிறுத்துவது இந்தத் துளி திரவம்தான்.

இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீதி எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, காற்றைச் சுருக்கலாம். நன்றாக பிரேக் பிடிக்கும்போது லைனுக்குள் அழுத்தம் 50 வளிமண்டல அளவைத் தொடுவது சாதாரணம். எங்கோ ஒரு மூலையில் 1 மில்லி காற்று தங்கியிருந்தால், அது ஐம்பதில் ஒரு பங்காகச் சுருங்கும். நீங்கள் தள்ளிய 3 மில்லியில் 1 மில்லி அந்தக் காற்றைச் சுருக்கவே போய்விடும். அதேபோல, முன்சக்கர காலிப்பரில், அதாவது பேடுகளை டிஸ்க்கின் மீது அழுத்தும் கிடுக்கியில், இருக்கும் பிஸ்டன் ஒவ்வொன்றும் சுமார் 5 சென்டிமீட்டர் விட்டம் கொண்டது. அதில் ஒன்றே ஒன்று அரை மில்லிமீட்டர் பின்வாங்கி நின்றாலும், அதை மறுபடி முன்னே கொண்டுவரக் கிட்டத்தட்ட 1 மில்லி வேண்டும். காற்று ஒரு திருடன் என்றால் இடைவெளி இன்னொரு திருடன். இரண்டும் ஒரே அளவு திருடும். ஆனால் காலுக்குத் தெரியும் விதம் வேறு.

அதனால் காரை நிறுத்திவிட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு, இருக்கையில் உட்கார்ந்து பெடலை மெதுவாக அழுத்திப் பாருங்கள். பாதி தூரம் எதிர்ப்பே இல்லாமல் இறங்கி, பிறகு சட்டென்று கெட்டியாக நிற்கிறதா? அது இடைவெளி. உடனே விட்டு இரண்டாவது முறை, மூன்றாவது முறை வேகமாக அழுத்துங்கள். இப்போது மேலேயே கெட்டியாக நின்றால் சந்தேகம் ஏறக்குறைய தீர்ந்தது: லைனில் திரவம் நன்றாகத்தான் இருக்கிறது, ஷூவோ பேடோ தொலைவில் இருக்கிறது.

எங்குமே கெட்டியாக நிற்காமல், காற்றுப் போன பந்தை அழுத்துவது போல மேலும் மேலும் அமுங்குகிறதா? பலமுறை மிதித்தால் கொஞ்சம் உயர்கிறது, ஆனால் அந்தத் துள்ளல் போவதில்லையா? அது பெரும்பாலும் காற்று. சில சமயம் வயதான ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் உப்புவதாலும் இப்படி இருக்கும்.

மூன்றாவது வகைதான் பயப்பட வேண்டியது. முதலில் கெட்டியாக நிற்கிறது. காலை எடுக்காமல் அதே அழுத்தத்தில் வைத்திருந்தால், லிஃப்ட் இறங்குவது போல நிதானமாகத் தரையை நோக்கி இறங்குகிறது. திரவம் எங்கோ போகிறது என்று அர்த்தம். ஒன்று வெளியே கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே தேய்ந்த ரப்பர் சீலைத் தாண்டிப் பின்பக்கம் நழுவுகிறது. இந்தச் சோதனையை முழு பலத்தோடு செய்யாதீர்கள். பலமாக அழுத்தும்போது சீல் சுவரோடு நன்றாக ஒட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக நடிக்கும். லேசாக அழுத்தி அரை நிமிடம் காத்திருந்தால்தான் அதன் குட்டு வெளிப்படும்.

பெடல் கல் போலக் கெட்டியாக இருந்தும் கார் நிற்க மறுப்பது வேறு விஷயம். அது தொய்வே அல்ல. பேடில் எண்ணெய் பட்டிருக்கலாம், பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருக்கலாம், பூஸ்டர் இருந்தால் அது செத்திருக்கலாம். இன்னொன்றும் உண்டு. இன்றைய கார்களில் கட்டைவிரலால் தொட்டாலே நிற்கும் பிரேக்குக்குப் பழகியவர், பூஸ்டர் இல்லாத எம்ஜிபியில் ஏறினால் பிரேக் பழுது என்றே நினைப்பார். பழுது எதுவும் இல்லை. அந்தக் கார் உங்கள் தொடைத் தசையை நம்பிச் செய்யப்பட்டது.

இறங்கும் பெடலைக் கண்டால் காரை அப்போதே ஓரம்கட்டிவிட வேண்டும். அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான எம்ஜிபிகளில் 1968 மாடல் முதல் பிரேக்குக்கு இரட்டைச் சுற்று (தனித்தனியான இரண்டு திரவ வழிகள்) வந்துவிட்டது. ஒன்று போனால் இன்னொன்று காப்பாற்றும். பிரிட்டனில் விற்றவற்றில் அதன் பின்னரும் பல ஆண்டுகள் ஒற்றைச் சுற்றுதான். ஒரு ரப்பர் கிழிந்தால் நான்கு சக்கரங்களும் ஒன்றாகப் போகும். மிச்சம் இருப்பது ஹேண்ட் பிரேக் மட்டுமே.

கசிவைத் தேடுவது துப்பறியும் வேலை. மாஸ்டர் சிலிண்டருக்குக் கீழே பெயின்ட் கொப்பளித்து உரிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் திரவம் பெயின்டைத் தின்னும். அது அங்கே நடந்து போன தடம்தான் அந்தக் கொப்பளம். பெடல் இருக்கும் இடத்தில் கார்ப்பெட் ஈரமாக இருந்தாலும் அதே சேதிதான். பின்சக்கர டிரம்மைக் கழற்றி, ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் மூடியை ஸ்க்ரூடிரைவரின் நுனியால் மெல்ல விலக்கினால், உள்ளே உலர்ந்திருக்க வேண்டும். சொட்டினால் அந்த சிலிண்டரின் ஆயுள் முடிந்தது. திரவத்தில் ஊறிய ஷூவையும் கழுவிப் பயன்படுத்தப் பார்க்காதீர்கள், மாற்றிவிடுங்கள். இன்னொரு எச்சரிக்கை: அந்தக் காலத்து ஷூக்களிலும் பேடுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. டிரம்முக்குள் இருக்கும் தூசியை ஊதவோ ஏர் கம்ப்ரஸர் கொண்டு அடிக்கவோ வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து, துணியை உறையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

இப்போது நண்பரின் கதை. அவருடைய பெடல் முதல் வகை: பாதி தூரம் சும்மா, பிறகு கெட்டி. இரண்டு முறை மிதித்தால் மேலே வந்து நின்றது. அதாவது லைனில் காற்றே இல்லை. இல்லாத காற்றைத்தான் அவர் மூன்று வாரம் வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். முன்சக்கர டிஸ்க்கில் பேடு தேயத் தேய பிஸ்டன் தானாகவே முன்னேறி இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும். பின்சக்கர டிரம்முக்கு அந்தப் புத்தி கிடையாது. எம்ஜிபியில் அதை ஆள்தான் கையால் சரிசெய்ய வேண்டும்.

பின்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்தோம். வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது. இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருப்பதே வருத்தம்தான். சக்கரத்துக்குப் பின்னால், டிரம்மை மூடியிருக்கும் தட்டில், ஒரு சிறிய சதுரத் தலை துருத்திக்கொண்டிருக்கும். பல ஆண்டுச் சேறும் கிரீஸும் அப்பி, அதை ஸ்க்ரூ என்றே அடையாளம் தெரியவில்லை. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்தோம். இதற்கென்றே சதுர வாய் கொண்ட சின்ன ஸ்பேனர் கிடைக்கிறது. அதைத்தான் பயன்படுத்த வேண்டும். வாயைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பேனரை மாட்டி நெம்பினால் சதுரம் வட்டமாகிவிடும், பிறகு அழ வேண்டியதுதான்.

வலப்பக்கமாகத் திருப்பத் திருப்ப உள்ளே ஷூ விரிந்து, கடைசியில் சக்கரம் கையால் சுற்ற முடியாதபடி பிடித்துக்கொள்ளும். அந்த நிலையில் பெடலை ஒருமுறை அழுத்தி விட்டால் ஷூக்கள் நடுவில் வந்து அமரும். மறுபடி கொஞ்சம் திருப்ப இடம் கிடைக்கும். பிறகு சக்கரம் தடையின்றிச் சுற்றும் வரை ஒன்றிரண்டு 'கிளிக்' அளவு பின்னால் திருப்ப வேண்டும். லேசாக உரசும் சத்தம் கேட்டால் பரவாயில்லை. நண்பரின் காரில் ஒரு பக்கம் நான்கைந்து சுற்றுகள் போனது. எத்தனை வருடமாக யாரும் தொடவில்லையோ! இரு பக்கமும் முடித்துவிட்டு அவர் பெடலை மிதித்தார். முகத்தில் சிரிப்புக்கும் எரிச்சலுக்கும் நடுவில் ஏதோ ஒன்று வந்தது. மாஸ்டர் சிலிண்டருக்குக் கொடுத்த பணத்தை நினைத்திருப்பார்.

டிரம்மைச் சரிசெய்த பிறகும் இடைவெளி போகவில்லை என்றால் முன்பக்கம் போக வேண்டும். முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். பேரிங் தளர்ந்திருந்தால் சக்கரம் ஆடும். ஆடும் சக்கரத்தோடு டிஸ்க்கும் ஆடி, வளைவுகளில் பேடுகளை உள்ளே தட்டித் தள்ளிவிடும். அடுத்த முறை பிரேக் மிதிக்கும்போது முதல் மிதி அவற்றைத் திரும்பக் கொண்டுவரவே செலவாகும். நேர்ச்சாலையில் நன்றாக இருந்த பெடல், இரண்டு வளைவு தாண்டியதும் தொய்கிறது என்றால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். டிஸ்க் கோணியிருந்தாலும் இதே வேலையைச் செய்யும். பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் இடையில் இருக்கும் சின்ன இணைப்பு ஊசியையும் மறந்துவிடாதீர்கள். ஐம்பது ஆண்டுகள் மிதிபட்டு அதன் துளை நீள்வட்டமாகியிருக்கும். அங்கே 1 மில்லிமீட்டர் தளர்ந்தால் காலுக்கு 5 மில்லிமீட்டர்.

இரண்டாவது வகையான, பஞ்சு போல அமுங்கும் பெடலுக்கு வருவோம். காற்று எடுக்கும் வேலை இங்கேதான் நியாயம். ஆனால் எடுப்பதற்கு முன் காலிப்பரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். காற்று வெளியேறும் நிப்பிள் காலிப்பரின் மேல்முனையில் இருக்க வேண்டும். பழைய கார்களில் ஒரு விநோதம் அடிக்கடி நடக்கும். காலிப்பரைப் புதுப்பித்து மாட்டியவர் இடப்பக்கத்ததை வலப்பக்கமும் வலப்பக்கத்ததை இடப்பக்கமும் மாட்டியிருப்பார். போல்ட் ஒழுங்காகப் பொருந்தும், கார் ஓடும், ஆனால் நிப்பிள் தலைகீழாகக் கீழே இருக்கும். காற்று மேலே போகும், வழி கீழே இருக்கிறது. நீங்கள் விடிய விடிய எடுத்தாலும் அந்தக் குமிழி அசையாது.

இருவர் சேர்ந்து செய்வது எளிது. ஒருவர் உள்ளே, ஒருவர் சக்கரத்தின் அருகே. நிப்பிளில் ஒரு தெளிந்த பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் திரவம் உள்ள கண்ணாடி ஜாடிக்குள் மூழ்கவையுங்கள். உள்ளே இருப்பவர் நிதானமாக அழுத்த வேண்டும், வெளியே இருப்பவர் நிப்பிளைக் கால் சுற்று திறக்க வேண்டும், பெடல் இறங்கியதும் "பிடி!" என்று கத்தி, நிப்பிளை மூடிய பிறகுதான் "விடு!" மூடுவதற்கு முன் காலை எடுத்தால் வெளியே போன காற்று அதே வழியில் திரும்பி வரும். குடும்பச் சண்டைக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. குழாயில் சோடா போலக் குமிழிகள் வந்து, மெல்லக் குறைந்து, கடைசியில் தெளிந்த திரவம் மட்டும் வரும்போது அடுத்த சக்கரத்துக்குப் போகலாம். பொதுவாக மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் சக்கரத்தில் தொடங்குவார்கள். நடுவில் மேலே உள்ள தொட்டி வற்றினால் முழுவதும் மீண்டும் முதலிலிருந்து.

இங்கே ஒரு முக்கியமான நுணுக்கம். பெடலைத் தரைவரை அழுத்தாதீர்கள். மாஸ்டர் சிலிண்டரின் சீல் அன்றாடம் பயணிப்பது அதன் முதல் பாதியில் மட்டும்தான். மீதிப் பாதியில் பல ஆண்டு ஈரம் தங்கி, துருவும் குழியுமாக இருக்கும். காற்று எடுக்கிறேன் என்று பெடலைத் தரையில் இடித்தால், அந்தச் சீல் முதல்முறையாக அந்தக் கரடுமுரடான பகுதியில் தேய்ந்து கிழியும். காலையில் பஞ்சாக இருந்த பெடல் மாலையில் இறங்கும் பெடலாகிவிடும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டால் இந்த ஆபத்து இல்லை.

காற்று எடுத்தும் பஞ்சுத்தன்மை போகவில்லையா? ரப்பர் ஹோஸ்களைச் சந்தேகியுங்கள். எம்ஜிபியில் மூன்று உண்டு: முன்சக்கரங்களுக்கு ஒவ்வொன்று, பின் ஆக்ஸிலுக்கு ஒன்று. வழவழப்பான வாய் கொண்ட ஹோஸ் கிளாம்ப்பால் மூன்றையும் இறுக்கிவிட்டுப் பெடலை அழுத்தினால், மேலேயே கல் போல நிற்க வேண்டும். நின்றால் மாஸ்டர் சிலிண்டர் குற்றமற்றது. பிறகு ஒவ்வொரு கிளாம்ப்பாக விடுவியுங்கள். எதை விடுவித்ததும் பெடல் தொய்கிறதோ அந்தச் சக்கரத்தின் பக்கம்தான் குற்றவாளி. கிளாம்ப் போட்டால் பழைய ஹோஸின் உட்புறம் வெடிக்குமே என்று சிலர் தயங்குவார்கள். வெடிக்கும் அளவுக்குப் பழைய ஹோஸ் என்றால் அது காரில் இருக்கவே கூடாது. வயது தெரியாத ஹோஸை நான் சோதிப்பதுகூட இல்லை, மாற்றிவிடுவேன். அண்மையில் புது ஷூ போட்டிருந்தால் மட்டும் சற்றுப் பொறுங்கள். அதன் வளைவு டிரம்மின் வளைவோடு பொருந்தும் வரை ஷூ லேசாக வளைந்து கொடுக்கும். சில நூறு கிலோமீட்டரில் சரியாகிவிடும்.

திரவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பட்டறைகளில் இதை 'பிரேக் ஆயில்' என்பார்கள். பெயரில்தான் ஆயில், இது எண்ணெயே அல்ல. அந்தப் பெயரை நம்பி எஞ்சின் ஆயிலை ஊற்றினால் லைனில் உள்ள ரப்பர் எல்லாம் ஊதிப் பெருத்துப் பாழாகும். டாட் 4 (DOT 4) என்ற தரத்தைச் சேர்ந்த வழக்கமான திரவம் கிளைகால் என்ற வேதிப்பொருள் வகையைச் சேர்ந்தது. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுவது அதன் குணம். புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரிவரை இறங்கலாம். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் ஹார்ட்நாட் கணவாய் என்று ஒரு மலைப்பாதை இருக்கிறது. மூன்றடிக்கு ஓரடி இறங்கும் சரிவு. பழைய திரவத்தோடு அப்படிப்பட்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே போனால், காலிப்பருக்குள் திரவம் கொதித்து ஆவியாகும். ஆவியும் காற்று போலத்தான், சுருங்கும். பெடல் தரையைத் தொடும். அரை மணி நேரம் நின்று ஆறியதும் எதுவும் நடக்காதது போலக் கெட்டியாகிவிடும். பட்டறைக்குக் கொண்டுபோனால் "நன்றாகத்தானே இருக்கிறது" என்பார்கள். அதனால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திரவத்தை முழுவதும் மாற்றிவிடுவது நல்லது. திறந்து பல மாதம் அலமாரியில் கிடந்த டப்பாவையும், வடித்து எடுத்த பழைய திரவத்தையும் ஊற்ற வேண்டாம்.

டாட் 5 என்ற சிலிகோன் திரவம் ஈரத்தை உறிஞ்சாது, பெயின்டையும் தின்னாது. அதனால் மாதக்கணக்கில் நிற்கும் பழைய கார்களுக்குச் சிலர் அதை விரும்புகிறார்கள். ஆனால் அதற்குள் நுண்குமிழிகள் எளிதில் கலந்து தங்கிவிடும், பெடலும் சற்று மென்மையாகவே இருக்கும். டாட் 4-உடன் அதைக் கலக்கவே கூடாது. டாட் 5.1 என்பது பெயரில் மட்டும் அதன் தம்பி. உண்மையில் அது கிளைகால் குடும்பம். நான் டாட் 4-உடனேயே இருக்கிறேன்.

எல்லாம் முடிந்ததும் நேராகச் சாலைக்குப் போகாதீர்கள். எஞ்சினை இயக்கும் முன் பெடலை அழுத்தி ஒரு நிமிடம் வைத்திருந்து, ஒவ்வொரு இணைப்பிலும் காகிதத் துண்டை ஒற்றிப் பாருங்கள். பிறகு வீட்டு வாசலிலேயே நடை வேகத்தில், ஹேண்ட் பிரேக்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று முறை நிறுத்திப் பார்க்க வேண்டும். எங்காவது மனம் ஒப்பவில்லை என்றால் தெரிந்த மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். நண்பர் தன் காரில் திரவத் தொட்டியின் மேல் ஒரு சிறிய டேப் துண்டை ஒட்டி, அன்றைய மட்டத்தில் பேனாவால் கோடு போட்டுத் தேதியை எழுதி வைத்தார். அடுத்த ஞாயிறு காலையில் பானெட்டைத் திறந்து பார்த்தபோது, திரவம் அந்தக் கோட்டிலேயே நின்றது.